விளக்கமறியலில் வலிப்பு நோயாளி: வீட்டார் முதலில் செய்ய வேண்டியது?

கேள்வி: இலங்கையின் பதுளைச் சிறையில் விளக்கமறியலில் (தீர்ப்புக்கு முந்தைய காவலில்) இருக்கும் தோட்டத்துப் பையனுக்கு வலிப்பு நோய். சிங்களம் சரியாக வராது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: மருந்துதான் முதல். மாத்திரை திடீரென நின்றால் தொடர் வலிப்பு வந்து உயிரே போகலாம். கிளினிக் புத்தகப் பிரதியோடு மாத்திரையின் பெயர், அளவு, வேளை மூன்றையும் சிங்களத்தில் எழுதி, சிறை வைத்தியருக்குச் சேரும்படி கொடுங்கள். அடுத்த தவணையில் சட்டத்தரணி மூலம் நீதவானிடமும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வாய்ச்சொல் வாசலோடு நின்றுவிடும்.

மறுமொழி 2: அண்ணா சொன்னது சரி. அடி, மிரட்டல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் மண்டேலா விதிகளின்படி, தண்டனைக் கைதிகளோடு விளக்கமறியலில் உள்ளவரை அடைக்கக் கூடாது. நெரிசலில் முதலில் மீறப்படுவது இதுதான்.

மறுமொழி 3: பிணை கிடைத்தும் பிணையாளி இல்லாமல் உள்ளேயே கிடப்பது பெரிய கொடுமை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) விலாசத்தில் சிக்கல் வரும். பிணையாளியின் கிராம சேவகர் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.