15 நிமிஷ சைக்கிள் மேப்: ஊரே சிவப்பா வருது, அவசரம்

கிண்டிவாசி: கிண்டி மெட்ரோவிலிருந்து 15 நிமிஷ சைக்கிள் தூரம் எதுவரைக்கும்னு ஆபீஸ்ல மேப் ஒட்டணும். ரோடு டேட்டா எடுத்தாச்சு, டூல் ஓட்டியாச்சு. 15 நிமிஷத்துல எட்டற ரோடு மட்டும் சிவப்பா வரணும், ஆனா எல்லா ரோடும் சிவப்பு. என்ன தப்பு? திங்கட்கிழமை பிரின்ட்.

ரோடுரோலர்: எந்த மென்பொருள்? எந்த டூல்? என்ன நம்பர் குடுத்தீங்க?

மணி_வேளச்சேரி: டூல் எதுக்கு? 3 கிலோமீட்டர் வட்டம் போடுங்க, முடிஞ்சுது.

பறங்கிமலை: வட்டம் போட்டா கிண்டி தேசியப் பூங்கா சுவரைத் தாண்டி மான் கூட்டத்துக்குள்ள சைக்கிள் போகும். அடையாத்துக்கு அக்கரையில இருக்கறவர் நீந்தித்தான் வரணும்.

கிண்டிவாசி: மென்பொருள் க்யூஜிஐஎஸ். டூல் சர்வீஸ் ஏரியா, ஒரு இடத்துலேருந்து எதுவரைக்கும் போகலாம்னு காட்டறது. நேரக் கணக்குக்கு ஃபாஸ்டஸ்ட் வச்சு, 15 குடுத்தேன்.

பெரியவர்: ஹெல்ப் பக்கம்னு ஒண்ணு இருக்கு, யாரும் திறக்கறதில்ல. ஃபாஸ்டஸ்ட்ல 15 போட்ட அந்தக் கட்டம் நிமிஷம் இல்ல, மணிக்கணக்கு. டீஃபால்ட் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். 15 மணி நேரத்துக்கு 750 கிலோமீட்டர். சிவக்காம என்ன செய்யும்?

பறங்கிமலை: தூரக் கணக்குக்கு ஷார்ட்டஸ்ட் வைங்க. மணிக்கு 12 கிலோமீட்டர்னா 15 நிமிஷத்துக்கு 3000 மீட்டர். ஆனா ஓஎஸ்எம் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) ரோடு லேயர் 4326ங்கற ஆயமுறையில, மீட்டர்ல இல்லாம டிகிரியில இருக்கும். ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர். முதல்ல மீட்டர்ல அளக்கற 32644 ஆயமுறைக்கு மாத்துங்க, சென்னை அந்த மண்டலம்தான். மோட்டார்வே வகை ரோடுகளை (விரைவுச்சாலை) நீக்கிடுங்க.

ரோடுரோலர்: அதுக்கு முன்னாடி ஸ்பிளிட் வித் லைன்ஸ் ஓட்டி, ரோடு வெட்டிக்கிற இடமெல்லாம் துண்டாக்குங்க.

பறங்கிமலை: ஐயோ, வேண்டாம். கத்திப்பாராவுல மேம்பாலமும் கீழ்ச்சாலையும் ஒரே புள்ளியில ஒட்டிக்கும், சைக்கிள் பாலத்துலேருந்து குதிச்சு இறங்கும். நிஜமான சந்திப்புல ஓஎஸ்எம் ஏற்கெனவே பொதுப் புள்ளி வச்சிருக்கு, அது போதும்.

மணி_வேளச்சேரி: மேப் சரியானா மட்டும் ஜிஎஸ்டி ரோட்டுல சைக்கிள் விட இடம் வந்துடுமா? 2014லேயே மாநகராட்சி கொள்கை போட்டுச்சு, போக்குவரத்து நிதியில 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு.

ரோடுரோலர்: அதுக்குத்தான் மேப். எந்தத் தெருவுல ஆள் வருவாங்கன்னு தெரிஞ்சாத்தானே எந்தத் தெருவைக் கேக்கறதுன்னு தெரியும்.

மணி_வேளச்சேரி: கேட்டா? நடைபாதையில பைக் நிக்குது சார்.

பெரியவர்: இது வேற இழை.

கிண்டிவாசி: 32644 வச்சேன். லேயரே காணோம்!!

பறங்கிமலை: செட் லேயர் சிஆர்எஸ் அழுத்தியிருப்பீங்க. அது ஆயமுறையோட பேரை மட்டும்தான் மாத்தும், எண்களை மாத்தாது. 80, 13ங்கற டிகிரியை மீட்டரா படிச்சு, மேப் நிலநடுக்கோட்டுப் பக்கம் கடல்ல கிடக்கும். திரும்ப 4326 வைங்க. அப்புறம் ரீபுராஜெக்ட் லேயர் ஓட்டி, வர்ற புது லேயரை எடுங்க. தொடக்கப் புள்ளியையும் மறக்காம மாத்துங்க.

கிண்டிவாசி: வந்துடுச்சு. பார்க் வெள்ளையா இருக்கு. நன்றி.

ரோடுரோலர்: ஒருவழிப் பாதை எந்தப் பக்கம் போகுதுன்னு டூலுக்குத் தெரிய டைரக்‌ஷன் ஃபீல்டு குடுத்தீங்களா?