கூகுள் ஷீட்ஸ்: இம்போர்ட் செய்த டேட்டா புதுப்பிக்காமல் நிற்கிறது

கேள்வி:
மாஸ்டர் ஷீட்டில் உள்ள ஆர்டர் பட்டியலை இம்போர்ட்ரேஞ்ச் (வேறு ஷீட்டிலிருந்து டேட்டா எடுக்கும் ஃபங்ஷன்) மூலம் ரிப்போர்ட் ஷீட்டுக்கு எடுத்து, அதன்மேல் குவெரி (டேட்டாவைத் தேர்ந்து காட்டும் ஃபங்ஷன்) போட்டிருக்கிறோம். இன்னொரு டேபில் இம்போர்ட்டேட்டா (இணைய முகவரியிலிருந்து ஃபைலை எடுக்கும் ஃபங்ஷன்) வழியாக ஒரு சிஎஸ்வி ஃபைல் (காற்புள்ளியால் பிரித்த டேட்டா) வருகிறது. சர்வரில் சிஎஸ்வி மாறிய பிறகும் ஷீட்டில் பழைய எண்களே இருக்கின்றன, பிரவுசரை ரீலோட் செய்தாலும் அதே கதை. கால்குலேஷன் செட்டிங்கை ‘ஒவ்வொரு நிமிடமும்’ என்று மாற்றியும் பயனில்லை. யூஆர்எல்லோடு நவ் ஃபங்ஷனை (இப்போதைய நேரத்தைத் தருவது) ஒட்டினால் எரர் வருகிறது. இது போதாதென்று, குவெரியில் சில ஆர்டர் எண்கள் வெறும் கட்டமாகத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
இது இரண்டு தனித்தனிச் சிக்கல். வெறும் கட்டம் புதுப்பிப்புக் கோளாறே இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபைல் மெனுவில் உள்ள கால்குலேஷன் செட்டிங் நவ், டுடே, ராண்ட் (ஏதோ ஓர் எண்ணைத் தருவது) போலத் தாமாக மாறும் ஃபங்ஷன்களுக்கு மட்டும்தான். இம்போர்ட்டேட்டா, இம்போர்ட்எச்டிஎம்எல், இம்போர்ட்எக்ஸ்எம்எல் எல்லாம் ஷீட் திறந்திருக்கும்போது 1 மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகப் பார்க்கும். பக்கத்தை ரீலோட் செய்வது அவற்றைத் தூண்டாது. ஃபார்முலாவை அழித்துவிட்டு மறுபடி இட்டால் புதிதாக எடுக்கும். நவ், ராண்ட் உள்ள செல்லை இவற்றுக்குள் காட்டக் கூடாது என்பது கூகுளே வைத்த தடை. வேறொரு செல் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தாலும் பிடித்துவிடும்.

வழி இதுதான்: பி1 செல்லில் ஏதாவது ஓர் எண்ணை வையுங்கள். யூஆர்எல்லின் கடைசியில் கேள்விக்குறி, டி, சமக்குறி சேர்த்து, ஃபார்முலாவில் ஆம்பர்சண்ட் (&) போட்டு பி1-ஐ இணையுங்கள். யூஆர்எல்லில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் அதை விட்டுவிட்டு, நீங்கள் புதிதாகச் சேர்க்கும் கேள்விக்குறிக்குப் பதில் ஆம்பர்சண்ட் எழுத்து வரவேண்டும். பி1-இன் எண்ணை மாற்றினால் ஷீட்டுக்கு அது புது முகவரி, உடனே எடுக்கும். கையொப்பமிட்ட இணைப்புகளில் (முகவரியை மாற்றாமலிருக்க சர்வர் ரகசியக் குறியீடு சேர்த்தவை) இது ஆகாது. இப்படி யூஆர்எல்லில் சேர்த்த கூடுதல் பாராமீட்டரைக் கண்டால் சர்வர் மறுத்துவிடலாம்.

இனி வெறும் கட்டம். ஒரு காலத்தில் (நெடுவரிசையில்) எண், எழுத்து என்பவற்றில் பெரும்பான்மை எந்த வகையோ அதையே குவெரி எடுத்துக்கொள்ளும், சிறுபான்மையைக் காலியாக்கிவிடும். 1045, 1046 என்று போகும் காலத்தில் 1047-ஏ வந்தால் அது காணாமல் போகும். மாஸ்டர் ஷீட்டில் அந்தக் காலம் முழுவதையும் ப்ளெயின் டெக்ஸ்ட் (வெறும் எழுத்து வகை) ஆக்குங்கள். வடிகட்ட மட்டும்தான் என்றால் குவெரிக்குப் பதில் ஃபில்டர் போதும், அதற்கு இந்த வகைப் பேதம் கிடையாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஷீட்டை யாரும் திறக்காத நேரத்திலும் டேட்டா வரவேண்டும் என்றால் இம்போர்ட்டேட்டாவை நம்பாதீர்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (ஷீட்டோடு இணைத்து நிரல் எழுதும் கூகுள் வசதி) யூஆர்எல்ஃபெட்ச்ஆப் கொண்டு சிஎஸ்வியை எடுத்து, யுடிலிட்டீஸின் பார்ஸ்சிஎஸ்வியால் பிரித்து, செட்வேல்யூஸ் மூலம் எழுதி, டைம் டிரிகர் (குறித்த இடைவெளியில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டுவது) வையுங்கள். நிமிடக் கணக்கில் 1, 5, 10, 15, 30 என்ற இடைவெளிகள் கிடைக்கும்.

வரிசை முக்கியம். முதலில் ஃபெட்ச் (ஃபைலை எடுப்பது), அது வெற்றி என்றால் மட்டும் பழையதை அழித்து எழுதவேண்டும். முதலிலேயே அழித்தால், சர்வர் படுத்த நேரத்தில் ரிப்போர்ட் வெறுமையாகிவிடும். அழிக்காமலே எழுதினால், புது ஃபைலில் வரிசைகள் குறையும்போது பழைய வால் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டுத்தொகை தப்பாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையே கஸ்டம் ஃபங்ஷனாக (செல்லில் ஃபார்முலா போல இடும் சொந்த ஃபங்ஷன்) எழுதவேண்டாம். அதற்குக் கொடுக்கும் ஆர்க்யுமென்ட் (உள்ளீடு) மாறாதவரை அது பழைய விடையையே தரும், 30 வினாடிக்குள் முடியாவிட்டால் எரர்.

பதில் 3:
இம்போர்ட்ரேஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே. அனுமதி கொடுத்தவரை மூல ஷீட்டிலிருந்து நீக்கினால் அந்த இணைப்பு அறுந்துவிடும், ஆகவே பொதுக் கணக்கிலிருந்து அனுமதி கொடுங்கள். ரேஞ்ச் மேற்கோள்குறிக்குள் இருக்கும் வெறும் எழுத்து என்பதால், மூலத்தில் நடுவே ஒரு காலம் சேர்த்தால் தானாக நகராது. எரரும் காட்டாமல் தப்பான காலம் வந்து உட்காரும். அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து இ என்று சங்கிலி போட்டிருந்தால் தாமதம் கூடிக்கொண்டே போகும். மூலத்திலிருந்தே நேராக எடுங்கள்.

கேட்டவர்:
ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஆர்டர் எண்களும் வந்துவிட்டன. ‘கடைசிப் புதுப்பிப்பு’ செல்லில் ஸ்கிரிப்ட் எழுத்தாக எழுதும் நேரம் மட்டும் சில மணி நேரம் தள்ளி நிற்கிறது.

பதில் 2:
ஷீட்டுக்கு ஒரு டைம் ஸோன், ஸ்கிரிப்ட் புராஜெக்ட்டுக்கு வேறொன்று. ஷீட்டின் டைம் ஸோனை ஃபைல் மெனுவின் செட்டிங்ஸிலும், ஸ்கிரிப்டினுடையதை எடிட்டரின் புராஜெக்ட் செட்டிங்ஸிலும் பார்த்து, இரண்டையும் ஒன்றாக்குங்கள்.