தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் ஆசிரியை. அடுத்த வாரம் சேலத்தில் மாணவர் பட்டிமன்றம். அரசுப் பள்ளியே தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கலாமா என்பது தலைப்பு. சீட்டு எடுத்ததில் எங்களுக்கு "கூடாது" அணி வந்தது. எனக்கும் அதுதான் கட்சி என்பதால் சந்தோஷம்.

இங்கிலாந்துக் கதையைத் திரட்டிவிட்டேன். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே 11 வயதிலேயே ஒரு தேர்வு. தேறினால் கிராமர் பள்ளி, அதாவது மேற்படிப்புக்குத் தயார்செய்யும் பள்ளி. தேறாதவர்களில் பெரும்பாலோருக்கு செகண்டரி மாடர்ன் என்ற சாதாரணப் பள்ளி. பதினொரு வயதில் என்ன தெரியும், சொல்லுங்கள்? 1965-இல் அந்த முறையைக் கைவிடும்படி அரசு கேட்டுக்கொண்டது, 1998-இல் புதிய கிராமர் பள்ளிகளுக்குத் தடையும் வந்தது. ஆனாலும் 163 பள்ளிகள் மிச்சம். கென்ட் பகுதியில் நிறைய.

சிக்கல் நம் பக்கம்தான். எதிரணி, மத்திய அரசு நடத்தும் நவோதயா உறைவிடப் பள்ளிகளைத் தூக்கிக்கொண்டு வரும். ஆறாம் வகுப்புக்கே நுழைவுத் தேர்வு என்றாலும் குறைந்தது 75 சதவீத இடம் கிராமப் பிள்ளைகளுக்கு என்பார்கள். பதில் தெரியாமல் முழிக்கிறோம். தமிழ்நாட்டில் நவோதயா ஒன்றுகூட இல்லாததால் விசாரிக்கவும் ஆள் இல்லை. புதுச்சேரியிலோ கேரளாவிலோ அதில் படித்தவர்கள், கென்ட்டில் பிள்ளையைத் தேர்வு எழுதவைத்த சேலத்துக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? டியூஷனுக்கு எவ்வளவு செலவானது, தேறாத பிள்ளை என்ன ஆனது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

மலையில் சிக்னல் மோசம். மெசேஜ் போட்டுவிடுங்கள், நானே கூப்பிடுகிறேன்.