மறு: பெத்தி மரோனாஜ் – 'கரந்துறைவு' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்தவர்கள் தப்பிப்போய் மறைந்து வாழ்ந்ததே மரோனாஜ். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதன் சிறிய வகைக்கும் (பெத்தி மரோனாஜ்) பெரிய வகைக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். குழுவில் வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> சிறியதற்குக் 'குறுந்தப்பியோட்டம்', பெரியதற்குப் 'பெருந்தப்பியோட்டம்'. ஒரே வேர் என்பதால் மனத்தில் நிற்கும்.

ஐயா, அந்த வேர்தான் எனக்கு இடறுகிறது. 'ஓட்டம்' என்று வைத்துவிட்டால், அப்படி மறைந்து வாழ்ந்த பெண்களே சொல்லுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

மரோனாஜ் என்பதற்கு மூலம் ஸ்பானிய மொழியின் 'சிமரோன்'. கட்டறுத்துக்கொண்டு மலையேறிவிட்ட கால்நடைக்கு முதலில் வழங்கிய சொல் அது. தோட்டங்களை விட்டு மலைக்கும் காட்டுக்கும் போன மனிதர்களுக்கும் பிறகு அதுவே பெயரானது. திரும்பி வராமல் தனிக் குடியிருப்பு அமைத்தால் பெரிய மரோனாஜ். சில நாளோ சில வாரமோ பக்கத்துக் காட்டில் மறைந்திருந்துவிட்டு வந்தால் சிறியது. எவ்வளவு தூரம் போனார், எவ்வளவு காலம் பிடிபடாமல் இருந்தார் என்பதே கணக்கு.

அந்தக் கணக்கில் பெண்கள் எப்போதும் குறைந்துபோவார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வண்டி ஓட்டவும் சரக்கு கொண்டுபோகவும் தோட்டத்துக்கு வெளியே அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வழி தெரிந்ததும் அனுமதிச் சீட்டு கிடைத்ததும் அவர்களுக்கே. பெண்ணுக்கு வயலும் குடிசையும், இடுப்பில் ஒரு பிள்ளையும். தாயின் நிலை எதுவோ அதுவே பிள்ளையின் நிலை என்று வர்ஜீனியா 1662இல் சட்டம் போட்டது. பெற்ற பிள்ளை முதலாளியின் உடைமை. அவள் போனாலும் அது அங்கேதான் கிடக்கும். ஆகவே அவள் தூரம் போகவில்லை. பக்கத்துக் காட்டுக்குள் போய்ப் பத்து நாள் இருந்தாள். அந்தப் பத்து நாள் உழைப்பு முதலாளிக்கு இல்லை. இருட்டியபின் குடிசையிலிருந்து இன்னொருத்தி சாப்பாடு கொண்டுபோனாள். பிடிபட்டால் அவளுக்கும் சவுக்கடிதான்.

அடிமைப்பட்டிருந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறக்குறைய 7 ஆண்டு ஒளிந்திருந்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம், மிக உயர்ந்த இடத்தில் 3 அடி. எழுந்து நிற்க முடியாது. கையில் சிக்கிய துளையிடும் கருவியால் பலகையைக் குடைந்து, ஓர் அங்குலத் துளை போட்டு, அதன் வழியே தெருவில் போகும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் இருப்பதுபோலக் கடிதம் எழுதி, அங்கிருந்தே தபாலில் சேர்க்கவும் ஏற்பாடு செய்தார். எஜமானன் வடக்கே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்க, அவர் அதே ஊரில் இருந்தார். 1842இல்தான் உண்மையிலேயே வடக்கே போனார். அந்த 7 ஆண்டில் ஓட்டம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. தமிழில் 'ஓடிப்போனவன்' வேறு, 'ஓடிப்போனவள்' வேறு. 'ஓடுகாலி' என்று நம் தெருக்களில் யாரை ஏசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறையை இவர்கள்மேல் நாம் பூச வேண்டாம்.

என் முன்மொழிவு: கரந்துறைவு. மறைந்து வாழ்தல் என்பதே பொருள். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருப்பதைக் 'கரந்துறை பாட்டு' என்போமே, அந்தக் கரந்துறை. தோட்டத்தை ஒட்டியே, தோட்டத்தின் கண்ணில் படாமல் இன்னொரு வாழ்க்கை. தூரம் இதில் அளவுகோலே இல்லை.

> எல்லோருக்கும் தெரிந்த 'அஞ்ஞாதவாசம்' இருக்கிறதே?

அம்மா, பாண்டவர்க்கு அது கெடு வைத்த ஓராண்டு, ஒப்புக்கொண்ட நிபந்தனை. இங்கே யாரும் கெடு வைக்கவில்லை.

> 'கரவு' என்றால் வஞ்சகம், களவு என்றும் பொருள் வரும்.

வரும். அடிமைச் சட்டத்தின் பார்வையில், தப்பிப்போன மனிதர் முதலாளியின் களவுபோன சொத்துதான். அந்தக் கண்ணோட்டத்துக்கு அஞ்சி நல்ல சொல்லை விட வேண்டாம்.

பெரியதற்கு வேர் வேறாகவே இருக்கட்டும்: 'அரண்குடி'. மலையும் காடும் நீரும் அரண் என்பது நமக்குப் பழைய வழக்கு. ஜமைக்காவின் நீல மலையில் நானி என்ற பெண்ணின் தலைமையில் இருந்த மரோனாஜ் மக்கள் ஆங்கிலேயப் படையோடு பல ஆண்டு பொருதார்கள். 1739இல் உடன்படிக்கை வந்தது. 1740இல் நானிக்கும் அவரோடு வாழ்ந்தவர்களுக்கும் 500 ஏக்கர் எழுதித்தர வேண்டியதாயிற்று. தென் அமெரிக்காவின் சூரினாமில், தப்பிப்போனவர்களின் வழிவந்த சாமகா மக்கள், பான்ஸா என்ற மூதாய் தோட்டத்தை விட்டு வரும்போது தலைமுடிக்குள் நெல்மணிகளை மறைத்துக் கொண்டுவந்தாள் என்று இன்றும் சொல்கிறார்கள். காட்டில் ஒரு குடி நிலைக்க விதைநெல்லும் வேண்டும். துப்பாக்கியை மட்டும் எண்ணுகிற வரலாறு அந்தக் கூந்தலைப் பார்ப்பதில்லை.

> கருக்கலைப்பையும் இதே பதிவில் சேர்க்கலாமா?

வேண்டாம், தனிப் பதிவு தருவோம். 'கருமறுப்பு' எனலாம். சூரினாமுக்குப் போய்வந்த இயற்கை ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705இல் வெளியிட்ட நூலில் ஒரு செடியைப் பற்றி எழுதுகிறார்: தம் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்று அங்கே அடிமைப்பட்டிருந்த பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள், அவர்களே இதைத் தம்மிடம் சொன்னார்கள் என்கிறார். அந்தச் செடி நம் வீட்டு வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றை. இதைப் படித்தபின் என்னால் அதைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

ஒரு நடைமுறைச் சிக்கல். 'கரந்துறைந்தார்' என்று வினையாக்கினால் இன்றைய வாசகருக்குப் பனிக்கட்டி நினைவுக்கு வரும். பெயர்ச்சொல்லாகக் 'கரந்துறைவு', வினையாகக் 'கரந்து வாழ்ந்தார்' என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்டுக்குள் சாப்பாடு கொண்டுபோனவளுக்குத்தான் நம் பட்டியலில் இன்னும் பெயர் இல்லை. 'ஊட்டுநர்' என்று எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை, அடித்துவிட்டேன். பட்டியல் ஞாயிறன்று போக வேண்டும். அதற்குள் யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.