தைராய்டு மாத்திரை போட்டும் அசதி, முடி உதிர்வு: டோஸ் கூட்டலாமா?

வடபழனிவாசி:
என் மனைவிக்கு வயது 39, எடை 64 கிலோ. ஹாஷிமோட்டோவால் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) வந்த ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு குறைவு. 75 எம்சிஜி (மைக்ரோகிராம்) மாத்திரையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 3.0 என்று ஒழுங்காக இருந்தது, திடீரென 8.1 ஆகிவிட்டது. டாக்டர் 88க்கு மாற்றினார். இரண்டு மாதம் கழித்து எடுத்ததில் 1.2. ரிப்போர்ட்டில் குறை இல்லை. ஆனால் அசதி போகவில்லை, மலச்சிக்கல், தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி. 100 எம்சிஜி கேட்டு வாங்கலாமா?

காலை 6 மணிக்கு மாத்திரை, 6.15க்கு ஃபில்டர் காபி, 8க்கு டிபன். டிபன் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும், இது 8.1 வருவதற்குச் சில மாதம் முன்பு ஆரம்பித்தது. டோஸ் மாறிய பிறகு முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் சேர்ந்திருக்கிறது.

மாத்திரைடப்பா:
டோஸைத் தொடாதீங்க. அந்த 8.1 எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்க. தைராக்ஸின், அதாவது இந்தத் தைராய்டு மாத்திரை, சிறுகுடலில் உறிஞ்சப்படுகிற மருந்து. இரும்பும் கால்சியமும் அதோடு ஒட்டிக்கொண்டால் ரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு போய்விடும். 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், உங்கள் வீட்டில் இருப்பது இரண்டேகால் மணி நேரம். காபியோ 15 நிமிஷத்திலேயே. அரை மணியாவது விடணும், ஒரு மணி நேரம் விட்டால் நல்லது. அசிடிட்டிக்கு ஜெல், பேன்டோப்ரசோல் ஏதாவது போடுகிறாரா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்க, அதுவும் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

5.30க்கு எழுந்து மாத்திரை, வெறும் தண்ணீர் மட்டும். 6.30க்கு காபி. 11.30க்கு இரும்பு மாத்திரை, எலுமிச்சை ஜூஸோடு, டீயோடு வேண்டாம். கால்சியம் ராத்திரி சாப்பாட்டோடு. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடுதான் நன்றாகச் சேரும்.

ஒரு எச்சரிக்கை. இடைவெளியைச் சரி செய்ததும் அதே 88 கூடுதலாகிவிடலாம், ஏனென்றால் டோஸில் கூட்டிய 13 எம்சிஜி, இரும்பும் கால்சியமும் தடுத்ததை ஈடுகட்டத்தான் போயிருக்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை வந்தால் அடுத்த டெஸ்ட் வரை காத்திராமல் டாக்டரைப் பாருங்க. இல்லையென்றால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச். தைராக்ஸினின் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாள். ரத்தத்தில் அளவு நிலைப்படவே ஐந்தாறு வாரம் ஆகும். அதற்கு முன் எடுக்கிற டெஸ்டை வைத்து டோஸை மாற்றுவதில் அர்த்தமில்லை.

மாத்திரை பாட்டில் அடுப்பு மேடை அலமாரியில் இருந்தால் பீரோவுக்கு மாற்றுங்க. சூடும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது. கடையில் வாங்கும்போது எம்சிஜியை வாய்விட்டுப் படியுங்க: 12.5க்கும் 125க்கும் நடுவே ஒரு புள்ளிதான்.

சீரம்_ரூம்:
எனக்கு அந்த 1.2 மேலேயே சந்தேகம். பல லேப் மெஷின்கள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டுகிற முறையில்தான் டிஎஸ்ஹெச் அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் ஒட்டுகிற இடங்களை அதுவே பிடித்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச் இருப்பதைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) இருப்பதைவிடக் கூடுதலாகவும் காட்டும். உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 எம்சிஜி பயோட்டின் போதும். 10 மில்லிகிராம் அதைப்போல 300 மடங்குக்கும் மேல். முடி கொட்டுகிறதென்று பயோட்டின், அது தைராய்டு குறைவையே ரிப்போர்ட்டில் மறைக்கிறது!

பயோட்டினை மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதே லேப், காலையில் அதே நேரம், அன்றைய மாத்திரை போடும் முன். போட்டபின் எடுத்தால் ஃப்ரீ டி4 சில மணி நேரத்துக்கு ஏறிக் காட்டும். மதியம் எடுத்தால் டிஎஸ்ஹெச் இயல்பாகவே சற்றுக் குறையும். பட்டினி தேவையில்லை. ஆன்டி டிபிஓ (ஹாஷிமோட்டோவைக் காட்டும் டெஸ்ட்) ஏற்கெனவே பாசிட்டிவ் என்றால் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், அந்தப் பணத்துக்கு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) பாருங்கள்.

வடபழனிவாசி:
பயோட்டினை நிறுத்தி எடுத்தாயிற்று. டிஎஸ்ஹெச் 5.6, ஃப்ரீ டி4 0.9. ஃபெரிட்டின் 9, ஹீமோகுளோபின் 10.8. இப்போதாவது 100 எம்சிஜி கேட்கலாம்தானே?

சுரப்பி:
அவசரம் வேண்டாம். இந்த 5.6 காபியும் இரும்பும் கால்சியமும் குறுக்கே நின்றபோது வந்த அளவு. 88ஐ அப்படியே வைத்து, நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்தி 6 முதல் 8 வாரம் கழித்துப் பாருங்கள் என்பதே பெரும்பாலும் உங்கள் டாக்டரும் சொல்வது. கர்ப்பம் என்றால் இந்தப் பொறுமை பொருந்தாது. உறுதியானதும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூட்டுவார்கள்.

ஃபெரிட்டின் 9 என்று மிகக் குறைவாக இருப்பதுதான் இங்கே பெரிய செய்தி. அசதிக்கும் முடி உதிர்வுக்கும் அதுவே போதுமான காரணம். தைராய்டு குறைந்தால் மாதவிடாய் அதிகமாகும், அதில் இரும்பு போகும். அதனால் மாதவிடாயில் ரத்தப்போக்கு எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையாலேயே மலச்சிக்கல் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் அந்தத் தொல்லை குறையும், உறிஞ்சுவதும் குறையாது. டாக்டரிடம் கேட்டு அப்படி மாற்றலாம். பி12ஐயும் பார்த்துவிடுங்கள், ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு வயிற்றில் அது உறிஞ்சப்படாத நோயும் சேர்ந்துவர வாய்ப்பு உண்டு. எல்லாம் சரியான பிறகும் முடி திரும்ப 3 முதல் 6 மாதம் பிடிக்கும்.

ஒழுங்காகப் போட்டும் டோஸ் ஏறிக்கொண்டே போனால் செலியாக் (கோதுமை ஒவ்வாத குடல் நோய்), எச். பைலோரி (வயிற்றுக் கிருமி) தேட வேண்டும். பிரஷர் இறங்குவது, எடை குறைவது, உப்புக்கு ஆசை, தோல் கறுப்பது சேர்ந்து வந்தால் கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பார்க்காமல் தைராக்ஸினைக் கூட்டவே கூடாது, ஆபத்து. டி3 (இன்னொரு தைராய்டு ஹார்மோன்) மாத்திரை சேர்ப்பது இதெல்லாம் முடிந்த பிறகு யோசிக்க வேண்டியது. முட்டைகோஸை வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம், பயம் வேண்டாம். சோயாவை மட்டும் மாத்திரையிலிருந்து தள்ளி வையுங்கள்.

வடபழனிவாசி:
5.30க்கு எழுவது இவருக்கு ஆகாது. ராத்திரி போடலாமா?

மாத்திரைடப்பா:
போடலாம். ராத்திரி சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் ஆகியிருக்கணும், நடுவில் பால் கூடாது. 7.30க்குச் சாப்பிட்டால் 10.30க்கு மாத்திரை. அப்படியானால் கால்சியத்தை ராத்திரியிலிருந்து காலை டிபனுக்கு மாற்றணும், இரும்பு அதே 11.30. ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடலாமா என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்க, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது. ராத்திரி சாப்பாடே 9.30 என்றால் விட்டுவிடுங்க, எழுந்ததும் மாத்திரையைப் போட்டு காபியையும் டிபனையும் ஒரு மணி நேரம் தள்ளுவதே சுலபம்.