ஜன்னல் இருந்த இடத்தில் கதவு: லிண்டல் எங்கே முடிகிறது?

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்கள் வீடு 1986-இல் அப்பா கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பின்பக்கத் துவைக்கும் கல்லுக்குப் போக வீட்டையே சுற்ற வேண்டியிருந்தது. சமையலறையின் நான்கடி ஜன்னலை எடுத்துவிட்டு மூன்றடிக் கதவு வைக்க முடிவு செய்தோம்.

"ஜன்னலுக்குக் கீழே இருக்கிற சுவர் தளத்தின் பாரத்தைத் தாங்கவில்லை, அரை நாளில் இடித்துவிடலாம்" என்றார் மேஸ்திரி. அது சரிதான். ஆனால் அடுப்பு மேடைக்கு இடம் வேண்டும் என்று, கதவை ஜன்னல் ஓரத்தைத் தாண்டி மூலைப்பக்கம் ஓரடி தள்ளச் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டார்.

கட்டடப் பொறியாளரான சித்தப்பா காட்பாடியிலிருந்து வந்தவர், முதலில் பூச்சைக் கொத்தி லிண்டலின், அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டத்தின், நுனியைத் தேடினார். ஜன்னல் ஓரத்தைத் தாண்டி ஆறே அங்குலம்தான் அது சுவரின்மேல் உட்கார்ந்திருந்தது. "ஓரடி தள்ளினால் இந்த நுனி எதன்மேல் உட்காரும்? வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடையும் இதோடு சேர்த்துத்தான் வார்த்திருக்கிறார்கள். அண்ணி தினமும் அதன் கீழேதானே நடப்பார்?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கதவை ஜன்னலின் அகலத்துக்குள்ளேயே வைத்தோம். மீதி ஓரடியை, புதுச் செங்கல் கவ்விப் பிடிக்கும்படி பழைய சுவரில் பல் பல்லாகக் கொத்தி, செங்கல் கட்டி அடைத்தோம். கீழே தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டமான பிளிந்த் பீமைத் தொட விடவில்லை. அந்தச் சுவருக்குள் ஓடிய மின்குழாயையும் முன்பே மாற்றிவிட்டோம். அடுப்பு மேடைதான் சற்றுக் குறுகிவிட்டது. அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆற்காட்டிலிருந்து:

அண்ணா, எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு; மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிய தளம். ஜன்னல் தலைக்குமேல் கான்கிரீட் கிடையாது, மரப்பலகைதான். பூச்சைத் தட்டிவிட்டுத் திருப்புளியால் குத்தினால் பிடிவரை இறங்கியது; உள்ளே முழுக்கக் கரையான். தளத்து உத்தரம் ஒன்று அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது. பார்க்காமல் ஜன்னல் சட்டத்தைப் பிடுங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. உத்தரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டுத்தான் பலகையை எடுத்தோம். புதிய கான்கிரீட் லிண்டலை இருபுறமும் ஒன்பது அங்குலம் உட்கார வைத்து, இடைவெளியில் அடைத்த கலவை நன்றாக இறுகும்வரை அந்த முட்டுகளைப் பிரிக்க விடவில்லை.

பேரணாம்பட்டிலிருந்து:

2021 கடைசியில் எங்கள் பக்கம் நில அதிர்வு வந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு ஜன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் தெரிந்தது. அதே ஜன்னலைத்தான் கதவாக்க நினைத்திருந்தோம். பூசி மறைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்றார் கொத்தனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு நுனியிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதியும் எழுதி வைத்தேன். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தன. கண்ணாடி உடையவில்லை. பிறகுதான் பொறியாளரை அழைத்து லிண்டலைப் பார்க்கச் சொன்னேன்.