பிள்ளைகளோட வெளிநாடு வந்திருக்கிற அப்பாக்களுக்கு: ஸ்கூலும் லீவும்

வெளிநாட்டுக்குப் புதுசா குடி வந்தவங்களுக்கு வீடு, பேங்க் அக்கவுண்ட், டிரைவிங் லைசென்ஸ் பத்தியெல்லாம் மத்தவங்க சொல்லிட்டாங்க. நான் அப்பாக்களுக்கு மட்டும் சொல்றேன்.

ஊர்ல நீங்க ராத்திரி லேட்டா வந்தாலும் பிள்ளைக்குத் தாத்தா, மாமா, சித்தப்பான்னு யாராவது இருந்தாங்க. இங்க யாரும் கிடையாது. நீங்க இறங்கலைன்னா எல்லாமே மனைவி தலையிலதான். அவங்களும் புதுசா வந்தவங்கதான்ங்கிறது பல பேருக்கு மறந்தே போயிடுது.

'ஹெல்ப் பண்றேன்'ங்கிற பேச்சே வேணாம். ஒரு பொறுப்பை முழுசா எடுத்துக்கோங்க. ஸ்கூல்னா மொத்த ஸ்கூலும் உங்களுது: ஃபார்ம்ல முதல் நம்பர் உங்களுது, ஸ்கூல் ஆப் உங்க போன்ல, டீச்சர் மீட்டிங்குக்கு நீங்க. காய்ச்சல்னு போன் வந்தா கூட்டிட்டு வரப் போறதும் நீங்கதான். நர்ஸ் தடுப்பூசி விவரம் கேட்டதும் மனைவிக்குப் போன் போடுற அப்பாக்களை கிளினிக்ல நிறையப் பார்க்கலாம்.

முதல் சில மாசம் பிள்ளை ஸ்கூல்ல வாயே திறக்காம இருக்கலாம். புது மொழி காதுல ஏறிட்டு இருக்கும், பேச்சு வர நாளாகும். அது சகஜம்தான். தனியா இருக்கானாங்கிறதுதான் தெரியணும். எதிர்ல உட்கார வச்சு 'ஸ்கூல் எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டா 'நல்லா இருந்துச்சு'ன்னு முடிச்சுடுவான். கூட நடந்து வர்றப்ப, அவன் ஷூ லேஸ் கட்ட நிக்கிறப்ப, 'மத்தியானம் யார் பக்கத்துல உட்கார்ந்தே?'ன்னு போற போக்குல கேளுங்க. 'யாரும் இல்லப்பா'ன்னு அடிக்கடி வந்தா டீச்சர்கிட்டப் பேசுங்க. இந்தப் பேச்செல்லாம் தமிழ்லயே நடக்கட்டும். (உங்க உச்சரிப்பை அவன் திருத்த ஆரம்பிக்கிற காலம் சீக்கிரமே வரும், அது வேற கதை.)

லீவு விஷயத்துல நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி. விசா கொடுத்த கம்பெனி என்ன நினைக்குமோன்னு கேட்கவே மாட்டாங்க. பிள்ளையைப் பார்த்துக்கன்னு சட்டத்துல இருக்கிற லீவைக் கேட்கத் தயங்கவே வேணாம். ஸ்வீடன்ல பிறக்கிற குழந்தைக்கு அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து 480 நாள். அதுல 90 நாள் அப்பாவுக்குன்னே ஒதுக்கினது, அம்மாவுக்கு மாத்திக் கொடுக்க முடியாது. ரெண்டு வயசு தாண்டின குழந்தையோட குடி வந்தா மொத்தமே 100 நாள்தான், அதைப் பார்த்துக்கோங்க. கனடாவுல, கியூபெக் தவிர, சாதாரணத் திட்டத்துல ஒருத்தருக்கு அதிகபட்சம் 35 வாரம். ரெண்டு பேரும் பகிர்ந்தா 40. நீங்க எடுக்கலைன்னா அந்த 5 வாரம் போச்சு. பிரிட்டன்ல குழந்தைக்கு 18 வயசு ஆகிறதுக்குள்ள, சம்பளமில்லாம 18 வாரம் எடுக்கலாம். அமெரிக்காவுல மத்திய சட்டப்படி சம்பளமில்லாத 12 வாரம் உண்டு. ஆனா அதே கம்பெனியில 12 மாசம் முடிச்சிருக்கணும், சின்னக் கம்பெனிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

சம்பளமில்லாத லீவு விசாவைப் பாதிக்குமான்னு எச்.ஆர்.கிட்ட முன்கூட்டியே மெயில்ல கேட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்கோங்க.